யார் டைப் அடிப்பது? – வாசகர் கேள்வி பதில்

மருத்துவமும் கம்ப்யூட்டரும் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் சிலவற்றுக்கு நம் பத்தி எழுத்தாளர் இங்கே பதில் சொல்கிறார். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில், சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள். 14 இலக்கத்தில் ஆபா (ABHA) என்ற சுகாதாரக் கணக்கு நம்பர் கிடைத்தது, டோக்கனும் வந்தது. உள்ளே போனால் டாக்டர் பழையபடி சீட்டில்தான் எழுதினார். "பழைய ரிப்போர்ட் எங்கே?" என்று என்னிடமே கேட்டார். பிறகு எதற்கு இந்த நம்பர்?
– ஒரு வாசகர், திருப்பூர்

நம்பர் கொடுப்பது சுலபமான வேலை. ஆதார் இருக்கிறது, ஃபோன் இருக்கிறது, ஓடிபி வந்தது, முடிந்தது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்கத் தொடங்கியது. அதிலிருந்து இதுவரை 70 கோடிக்கும் மேல் ஆபா நம்பர்கள் உருவாகிவிட்டன. நீங்கள் செய்ததற்கு 'ஸ்கேன் அண்ட் ஷேர்' என்று பெயர். 2022 அக்டோபரில் தில்லியில் ஆரம்பித்தது. உங்கள் பெயர், வயது, ஃபோன் நம்பர் கவுன்ட்டருக்குப் போய்விடும், டோக்கன் வந்துவிடும். ஜன்னலோரம் நின்று அப்பா பெயர், ஊர் பெயரெல்லாம் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. அது நிஜமான நன்மைதான். ஆனால் அத்தோடு சரி.

ஆபாவுக்குள் உங்கள் ரிப்போர்ட் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை. தில்லியில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் எல்லார் நோயையும் சேர்த்து வைப்பதும் இந்தத் திட்டம் இல்லை. ரிப்போர்ட் எந்த மருத்துவமனையில் எடுத்ததோ அங்கேயே இருக்கும். வேறொரு டாக்டர் அதைப் பார்க்க விரும்பினால் உங்கள் ஃபோனுக்கு அனுமதி கேட்டு வரும். நீங்கள் சரி என்றால் அங்கிருந்து இங்கே வரும். 2018-ல் நிதி ஆயோக் தேசிய ஹெல்த் ஸ்டாக் என்று வரைவு போட்டது. அடுத்த வருஷம் ஜே. சத்தியநாராயணா தலைமையிலான குழு அதைத் திட்ட வரைபடமாக்கியது. ரெக்கார்டு ரூமில் வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அமைப்பு நல்ல அமைப்பு.

சிக்கல் என்னவென்றால், அனுப்புவதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே! ஓ.பி.யில் ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம். அதில் ஸ்டெதாஸ்கோப் வைப்பாரா, கீபோர்டில் கை வைப்பாரா? சீட்டில் 'டேப் பாரா 1-1-1' என்று கிறுக்க நாலு செகண்ட். அதையே கம்ப்யூட்டரில் மருந்து பெயர் தேடி, அளவு தேர்ந்தெடுத்து, நாள் போட்டுச் சேமிக்க ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துக்கு யார் காசு கொடுப்பது?

அமெரிக்காவில் 2009-ல் சட்டம் போட்டு, கம்ப்யூட்டரில் பதிவு வைக்கும் டாக்டர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. அப்புறம் வைக்காதவர்களுக்குப் பிடித்தம் போட்டது. எல்லாரும் மாறினார்கள், திட்டிக்கொண்டேதான். இங்கேயும் 2023 முதல் ரெக்கார்டுகளை ஆபாவோடு இணைக்கும் மருத்துவமனைகள், லேப்கள், சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு 4 கோடி ரூபாய் வரை ஊக்கத்தொகை வைத்திருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் இது வேலை செய்கிறது. ஒற்றை டாக்டர் கிளினிக் வரைக்கும் அந்தக் காசு எட்டி நான் பார்க்கவில்லை. நம் ஜனங்களில் பெரும்பாலோர் காய்ச்சலுக்குப் போவது அங்கேதான்.

இன்னொரு தலைவலி நம் பெயர்கள். எங்கள் மருத்துவமனையில் ஒரே ஆளுக்கு நாலு நம்பர் இருக்கும். எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பையா, சுப்பையா முருகன். வடக்கே செய்த சாஃப்ட்வேர் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்துக் கேட்கும், கவுன்ட்டர் பெண் அதில் இனிஷியலைப் போடுவாள். ஆபா நம்பரால் இந்த ஒரு தொல்லை தீர்ந்தாலே நான் கும்பிடுவேன். அடுத்த முறை லேபில் பில் போடும்போதும் அந்த நம்பரைச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே டைப் ஆகி இருப்பது லேப் ரிப்போர்ட்தான், அதனால் முதலில் இணைவதும் அதுதான்.

"இன்றைக்கு டிஸ்சார்ஜ்" என்று காலையில் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை என்று இரவு எட்டு மணி வரை உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், எதற்கு இத்தனை நேரம்?
– ஒரு வாசகி, சேலம்

இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. நடப்பதைச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்பார். உங்கள் கணக்குப்படி கடிகாரம் அப்போது ஓட ஆரம்பிக்கிறது. மருத்துவமனைக் கணக்கில் அப்போது ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை. டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். அவர் ஐசியூவில் இருப்பார். எழுதியதைப் பெரிய டாக்டர் பார்த்துத் திருத்த வேண்டும். அவர் தியேட்டரில் இருப்பார். வார்டு சிஸ்டர் மிச்ச மருந்துகளை ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்பி, பில்லில் கழிக்க வேண்டும். லேபில் ஒரு ரிப்போர்ட் பாக்கி இருக்கும். ஃபைல் பில்லிங்குக்கு வர மதியம் ஒன்று, ஒன்றரை ஆகிவிடும்.

அதன் பிறகுதான் இன்ஷூரன்ஸ் டெஸ்க். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி போர்ட்டல், தனித்தனி பாஸ்வேர்டு. மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். உங்கள் பெயர், பாலிசி எண், நோய், பில் தொகை எல்லாம் மருத்துவமனை சாஃப்ட்வேரில் ஒரு தடவை ஏறியிருக்கும். அதையே அவள் போர்ட்டலில் மறுபடி அடிப்பாள். பில்லையும் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து ஏற்றுவாள். அந்தப் பக்கம் டிபிஏவில், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பார்க்கும் இடைநிலை நிறுவனத்தில், ஒருவர் அந்த ஸ்கேனைப் பார்த்து, அவர்கள் கம்ப்யூட்டரில் மூன்றாவது தடவை அடிப்பார். பிறகு ஒரு 'க்வெரி', அதாவது விளக்கக் கேள்வி, வரும். "இந்த ஆன்டிபயாடிக் ஏன் ஐந்து நாள்?" "லென்ஸ் ஸ்டிக்கர் தெளிவாக இல்லை."

லென்ஸ் ஸ்டிக்கர் என்றால் என்னவென்று கேட்பீர்கள். கண்ணில் வைக்கும் லென்ஸ், இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், முட்டியில் வைக்கும் இம்பிளான்ட் எல்லாவற்றோடும் பேட்ச் நம்பர் போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் வரும். தியேட்டர் சிஸ்டர் அதை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவார். அது விழுந்துபோனாலோ, ஃபோட்டோகாப்பியில் மங்கினாலோ உங்கள் மூன்று லட்சம் ரூபாய் பில் நின்றுவிடும். இரண்டு அங்குலக் காகிதம்!

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் ஒரு சுற்றறிக்கை போட்டது. முன் அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த மூன்று மணி நேரம், மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. காலை ஒன்பதிலிருந்து, கோரிக்கை போகும் மதியம் மூன்று மணி வரை ஆன தாமதம் மருத்துவமனையுடையது. அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இன்ஷூரன்ஸ்காரன் தலையில் போடுவார்கள். நாங்களும் போட்டோம்.

இதற்குத் தீர்வாகத்தான் நேஷனல் ஹெல்த் க்ளெய்ம்ஸ் எக்ஸ்சேஞ்ச் வருகிறது. தேசிய சுகாதார ஆணையமும் காப்பீட்டு ஆணையமும் சேர்ந்து கொண்டுவருவது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசல், ஒரே படிவம். மருத்துவமனையில் ஒரு தடவை ஏறியது நேராகப் போகும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நாட்டை மாற்றப்போவது ஆப் எதுவும் இல்லை, இதுதான். ஏனென்றால் பில் பணம் இந்த வழியாகத்தான் வர வேண்டுமென்றால் எந்த மருத்துவமனையும் டைப் அடிக்கும். தமிழ்நாட்டில் இதைக் கண்ணால் பார்த்தோம். 2009-ல் அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் முதலமைச்சர் பெயரில் மாறியது. அதுவரை லெட்ஜரில் ஓடிய சின்ன ஊர் நர்சிங் ஹோம்கள்கூட கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கின. ஃபோட்டோவும் ரிப்போர்ட்டும் ஏற்றினால்தான் அரசுப் பணம் வரும். யாரும் அவர்களுக்கு டிஜிட்டல் இந்தியா பற்றி வகுப்பு எடுக்கவில்லை.

கையில் கட்டும் வாட்ச் காட்டும் ஆக்சிஜன் அளவை நம்பலாமா?
– வாசகர், ராஜபாளையம்

நடைப்பயிற்சிக்குக் கட்டிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் பார்க்க, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்குங்கள்.

டாடா, ரிலையன்ஸ், அப்பல்லோ... ஹெல்த் ஆப் என்றால் இவர்கள் பெயர்தான் கேட்கிறது. ஸ்டார்ட்அப் பையன்கள் எல்லாம் எங்கே போனார்கள்?
– கல்லூரி மாணவர், சென்னை

பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போனார்கள், தம்பி. சிலர் விற்க முடியாமல் திணறுகிறார்கள்.

பிராக்டோவிலிருந்து ஆரம்பிப்போம். 2008-ல் சூரத்கல் என்ஜினியரிங் மாணவர்கள் ஷஷாங்கும் அபினவ் லாலும் தொடங்கியது. ஷஷாங்கின் அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன். அமெரிக்க டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க ரெக்கார்டு அனுப்ப வழியில்லை. அந்த எரிச்சலில் பிறந்தது. முதலில் அவர்கள் விற்றது கிளினிக்கில் ரெக்கார்டு வைக்கும் சாஃப்ட்வேர். இன்றைக்குப் பிராக்டோ என்றால் ஜனங்களுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்தான் நினைவுக்கு வருகிறது. ரெக்கார்டு வைக்க இந்தியாவில் யாரும் காசு தருவதில்லை, நோயாளியைக் கூட்டி வந்தால் தருவார்கள். அவ்வளவுதான் கதை.

மருந்து விற்பனைக்கு வருவோம். சென்னையின் நெட்மெட்ஸ், பழைய மருந்து வியாபாரக் குடும்பமான தாதா குடும்பத்தின் பிரதீப் தாதா ஆரம்பித்தது. 2020 ஆகஸ்டில் அதன் தாய்க் கம்பெனியில் 60 சதவீதத்தை ரிலையன்ஸ் சுமார் 620 கோடிக்கு வாங்கியது. 2021 ஜூனில் ஒன்எம்ஜியில் பெரும்பங்கை டாடா வாங்கியது. அப்பல்லோ பெரும்பங்கை யாருக்கும் விற்கவில்லை. 2020-ல் 24/7 என்று சொந்த ஆப் போட்டது. அதன் பின்னால் 6,000-க்கும் மேற்பட்ட மருந்துக் கடைகள் நிற்கின்றன. எந்த ஆப்புக்கும் இல்லாத பலம் அது.

ஃபார்ம்ஈஸிதான் பார்க்க வேண்டிய கதை. கோவைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன வேலுமணி ஐயா, பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்துவிட்டு, 1996-ல் மும்பையில் தைரோகேர் லேபைத் தொடங்கியவர். ஊர் ஊராக ரத்த சாம்பிள் எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்து, ஒரே இடத்தில் பெரிய மெஷினில் ஓட்டி, விலையை அடித்துக் குறைத்தார். 2021 ஜூனில் அதன் 66.1 சதவீதத்தை ஃபார்ம்ஈஸியின் தாய்க் கம்பெனி 4,546 கோடி ரூபாய்க்கு வாங்கியது. லாபத்தில் ஓடும் கம்பெனியை நஷ்டத்தில் ஓடும் கம்பெனி வாங்கியது! அதே நவம்பரில் 6,250 கோடிக்குப் பங்கு வெளியிட விண்ணப்பித்தார்கள், 2022 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். 2023-ல் கடன் அடைக்கப் பழைய விலையில் பத்தில் ஒரு பங்குக்குப் பங்குகளைக் கொடுக்க வேண்டி வந்தது. வேலுமணி ஐயா பணத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக மேடைகளில் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், கணக்கு தெரிந்தவர்.

கரூரில் சின்ன மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 20, 25 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். எனக்கு வரும் மார்ஜினே அவ்வளவுதான். இது சட்டப்படி சரியா?
– ஒரு கடைக்காரர்

ஐயா, உங்கள் கணக்கு சரி. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம். மற்றவற்றுக்கு வழக்கத்தில் 20. அதில் 20 தள்ளுபடி கொடுத்தால் வாடகை எதிலிருந்து வரும்? அவர்களுக்கு முதலீட்டாளர் பணத்திலிருந்து வந்தது. இப்போது மொத்த விநியோகத்தையும் தாங்களே கையில் எடுத்து, அந்த மார்ஜினையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சொந்த பிராண்டில் வைட்டமின், சர்க்கரை ஸ்ட்ரிப் விற்கிறார்கள். தள்ளுபடி எங்கே அதிகமோ அங்கே இந்தச் சரக்கைத் தள்ளுவார்கள், கவனித்துப் பாருங்கள்.

சட்டம் விஷயத்தில் யாருக்கும் முழு பதில் இல்லை. 2018 ஆகஸ்டில் ஆன்லைன் மருந்து விற்பனைக்கு மத்திய அரசு வரைவு விதி போட்டது. அது இறுதியாகவே இல்லை. அதே டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் லைசென்ஸ் இல்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடை விதித்தார், ஜனவரியில் டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வைத்தது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி அறிவிப்பு வந்தது. அந்த ஒரு அறிவிப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடுகிறார்கள். உங்கள் அகில இந்தியச் சங்கத்தில் 12 லட்சம் கடைகள் என்று சொல்கிறார்கள். அந்தப் பக்கம் அம்பானி, டாடா. இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ள எந்த அரசாங்கமும் விரும்பாது. அதனால் ஃபைல் தூங்குகிறது.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். நிரந்தரமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குபவர்களின் பெயர், மருந்து, அடுத்த தேதியைப் பில்லிங் சாஃப்ட்வேரில் ஏற்றி வையுங்கள். முடியப்போகும் இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். ஆப்காரன் செய்வது அதைத்தான்.

அம்மாவுக்கு 70 வயது, பிரஷர் இருக்கிறது. ஃபோனில் டாக்டர் பார்ப்பது சரிதானா? அரசாங்கம் இலவசமாக ஏதோ வைத்திருக்கிறதாமே?
– வாசகி, பரமக்குடி

வைத்திருக்கிறது. இ-சஞ்சீவனி. மொஹாலியில் உள்ள, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் செய்தது. 2019 நவம்பரில் கிராமத்து நலவாழ்வு மையத்தையும் டாக்டரையும் இணைக்க வந்தது, 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பேசவும் திறந்துவிட்டார்கள். 30 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பாலானவை, நலவாழ்வு மையத்தில் செவிலியர் பக்கத்தில் இருந்து பேச வைப்பவை. உங்கள் அம்மாவுக்கும் அந்த வழிதான் நல்லது. பிரஷர் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

2020 மார்ச் 25-ல் வந்த வழிகாட்டு நெறிப்படி ஃபோனில் பார்க்கும் டாக்டர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். தூக்க மாத்திரை வகைகளில் பலவற்றை எழுதித் தரக்கூடாது. பதிவு எண் இல்லாத மருந்துச் சீட்டு வந்தால் தூக்கிப் போடுங்கள். டெலிமெடிசின் இந்தியாவுக்குப் புதிதும் இல்லை. அப்பல்லோவை நிறுவிய டாக்டர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊரான, சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் 2000-லேயே அப்பல்லோ ஆரம்பித்துவிட்டது. அப்போதைய அமெரிக்க அதிபர் கிளின்டன்தான் திறந்து வைத்தார். அதற்கப்புறம் இருபது வருஷம் அது மெதுவாகவே நகர்ந்தது. டாக்டர்கள் பயந்தார்கள், சட்டம் தெளிவாக இல்லை. கொரோனா ஊரடங்கு தொடங்கிய அன்றே விதி வந்தது.

நான் தேனியில் ஸ்டாஃப் நர்ஸ். ஏஐ வந்தால் எங்கள் வேலை போய்விடும் என்று எங்கள் டாக்டரே பயமுறுத்துகிறார்.
– பெயர் வேண்டாம் என்றவர்

அவர் வேலையைப் பற்றித்தான் பயப்படுகிறார், உன் பெயரைச் சொல்கிறார். விடு கண்ணு.

உன் பக்கத்து ஊர்க் கதையையே எடுத்துக்கொள். சர்க்கரையால் விழித்திரை கெடுவதை ஃபோட்டோ பார்த்துக் கண்டுபிடிக்கும் கூகுள் ஆய்வு 2016-ல் வந்தது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் சேர்ந்தன. பயிற்சிக்கு 1,28,000-க்கும் மேல் படங்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை மனிதர்கள் பார்த்து மார்க் போட்டார்கள், 54 கண் டாக்டர்கள். மெஷின் தானாகக் கற்றுக்கொண்டது என்று எழுதுகிறவர்கள் இந்த 54 பேரையும் மறந்துவிடுகிறார்கள். 2019-ல் மதுரை அரவிந்தில் அது நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்தது.

பிறகு தாய்லாந்தில் கிராமத்து கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தெளிவில்லை என்று மெஷின் தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை. படத்தை எடுத்ததும், நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டுத் திட்டு வாங்கியதும் செவிலியர்கள்தான்.

காசநோயிலும் இப்படித்தான். மும்பையின் க்யூர் டாட் ஏஐ செய்த மென்பொருள் நெஞ்சு எக்ஸ்-ரேயைப் பார்த்துச் சந்தேகம் சொல்லும். இந்த வகை மென்பொருள்களை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. கையில் தூக்கும் எக்ஸ்-ரே மெஷினோடு இப்போது கிராமங்களுக்குப் போகிறார்கள். எக்ஸ்-ரே படிக்க ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊரில் இது வரம். ஆனால் "நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடிங்க பாட்டி" என்று யார் சொல்வது? சளி சாம்பிள் யார் வாங்குவது? அப்புறம் காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் போர்ட்டலில் யார் ஏற்றுவது? வேலை போகாது, வேலை கூடும். சம்பளம் கூடுமா என்று கேள். அந்தக் கேள்வியைத்தான் உங்கள் சங்கம் கேட்க வேண்டும்.

நம் நோய் விவரங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா?
– ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நாகர்கோவில்

2022 நவம்பர் 23 காலையில் தில்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. ரான்சம்வேர், அதாவது தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள். ஐந்து சர்வர்கள், 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் சீட்டு, பேனா, லெட்ஜர்தான். நாட்டின் முதல் மருத்துவமனைக்கே அந்த நிலைமை.

சட்டம் இருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம். மருத்துவ விவரத்துக்கென்று தனி வகை எதுவும் அதில் இல்லை என்பது எனக்குக் குறை. உங்கள் ஃபோன் நம்பரும் உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டும் சட்டத்தின் முன் ஒன்று. 2018-ல் மருத்துவத் தகவலுக்கென்றே ஒரு வரைவுச் சட்டம் போட்டார்கள், அது அப்படியே போய்விட்டது.

ஹேக்கரைவிட எனக்குப் பயம் வாட்ஸ்அப். வார்டு குரூப்பில் நோயாளி பெயரோடு எக்ஸ்-ரே ஃபோட்டோ ஓடும். எந்தச் சர்வரையும் உடைக்க வேண்டியதில்லை.

பயோமெடிக்கல் என்ஜினியரிங் மூன்றாம் வருஷம். சாஃப்ட்வேர் பக்கம் போவதா, கருவி செய்யும் பக்கம் போவதா?
– மாணவி, கோயம்புத்தூர்

உனக்குப் பொறுமை இருந்தால் கருவி. நாம் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவீதம் இறக்குமதி. எம்ஆர்ஐ, சிடி என்றால் ஜிஇ, சீமென்ஸ், ஃபிலிப்ஸ். அவர்களுக்கு பெங்களூரிலும் புனேயிலும் பெரிய அலுவலகங்கள் உண்டு, வேலை கிடைக்கும். உள்ளூரில் செய்யச் சொல்லி மத்திய அரசு 3,420 கோடிக்கு ஊக்கத் திட்டம் வைத்தது, 2023-ல் தேசியக் கொள்கை அறிவித்தது. விசாகப்பட்டினத்தில் மெட்டெக் ஸோன் இருக்கிறது, நம் ஒரகடத்தில் பூங்கா வருகிறது. சென்னையில் ட்ரிவிட்ரான் இருக்கிறது.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் கோவாவின் மோல்பயோ. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேஜையில் வைத்து, பேட்டரியில் ஓடி, ஒரு மணி நேரத்துக்குள் காசநோய்க் கிருமியைச் சொல்லும் ட்ரூநாட் மெஷினைச் செய்தார்கள். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது. மதுரையில் ஆரோலேப் 1992-லிருந்து கண் லென்ஸ் செய்கிறது. வெளிநாட்டு லென்ஸின் விலையை நினைத்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட காலம் அதோடு முடிந்தது.

விலைக் கட்டுப்பாடு என்ற ஒன்றையும் படித்துக்கொள். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்கள். ஒரே ராத்திரியில் மார்க்கெட் கலைந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் முணுமுணுத்தன. இந்தியாவில் கருவி செய்கிறவர் என்ஜினியரிங் மட்டும் தெரிந்தால் போதாது, தில்லியில் ஒரு ஆணை என்ன செய்யும் என்றும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. படிப்பு முடியும் முன் ஒரு மாதம் ஏதாவது மருத்துவமனையில் சென்ட்ரல் ஸ்டோரில் உட்கார். வாங்கிய மெஷின்களில் எத்தனை, ஸ்பேர் இல்லாமல் துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன என்று எண்ணிப் பார். எந்த கம்பெனியில் சேரலாம் என்று உனக்கே தெரிந்துவிடும்.

வீட்டில் பழைய மருத்துவக் காகிதம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது?
– வாசகி, மன்னார்குடி

டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, இம்பிளான்ட் ஸ்டிக்கர் அல்லது கார்டு, அலர்ஜி எழுதிய சீட்டு, கடைசி இசிஜி, கடைசி எக்கோ. இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பில்களை இன்ஷூரன்ஸ், வருமான வரி முடிந்ததும் கிழித்துப் போடலாம். மூன்று வருஷத்துக்கு முந்தைய சர்க்கரை ரிப்போர்ட் யாருக்கும் தேவையில்லை. ஆனால் மூன்று மாதச் சராசரி எண்களை மட்டும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போடுங்கள். லேபில் பளபளப்பான தாளில் தரும் இசிஜி நாளாக நாளாக மங்கிவிடும், இன்றைக்கே ஃபோட்டோ எடுத்துவிடுங்கள்.